உன்னை நான் நடித்துக் காட்டிய பாடம்

தம்பி,

வெள்ளிக்கிழமை நீ வீட்டுக்கு வருவதற்கு முன் இதை வாசித்துவிட வேண்டும் என்பதற்காக ஜெனிற்றாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் தொடங்கினால், பாதியில் நீ "சரியம்மா, விளங்குது" என்று சொல்லி வைத்துவிடுவாய். நானும் உனக்கு விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு சமைக்கக் குசினிக்குப் போய்விடுவேன். இவ்வளவு காலமும் நமக்குள் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று உனக்குத் தெரியும், ஆனால் அது எப்படி நடந்தது என்று முழுதாகத் தெரியாது. மற்றது உனக்குத் தெரியவே தெரியாது. அதைச் சனிக்கிழமை உன்னுடைய கலியாண மண்டபத்தில் வேறு யாரும் சொல்லி நீ அறியக்கூடாது என்பதால்தான் எழுதுகிறேன்.

கணித ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று அறிவித்தல் வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஓய்வுக்குக் கிட்ட நிற்கிற என்னைக் கூப்பிட்டு வைத்து, வகுப்பில் கேள்வி கேட்பது எப்படி என்று படிப்பிக்கப் போகிறார்களாம். அப்பாவிடம் புறுபுறுத்துக்கொண்டேதான் போனேன். அவர்கள் அதை நுண்கற்பித்தல் என்றார்கள். முழுப் பாடம் நடத்தத் தேவையில்லை. ஒருவர் எழுந்து சில நிமிடங்கள் மட்டும் படிப்பிக்க வேண்டும், மற்ற ஆசிரியர்கள் பிள்ளைகளாக வாங்குப் பலகையில் இருக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு திறன்தான். பாடத்தைத் தொடங்குவது, கேள்வி கேட்பது, பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது என்று ஒவ்வொன்றாகப் பழக வேண்டும். அதைப் போனில் பதிந்து எல்லோருமாகப் பார்த்து, எது சரி எது பிழை என்று கதைத்துவிட்டு, அதே பாடத்தை அதே ஆள் திருத்தி இன்னொரு தரம் படிப்பிக்க வேண்டும். விரிவுரையாளர் உன்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். "இண்டைக்குக் கேள்வி கேக்கிறது மட்டும்தான். கேட்டுப்போட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. வேற ஒண்டும் பாக்கமாட்டம்" என்றார். காத்திருப்பதற்கும் ஒரு பயிற்சியா என்று பக்கத்தில் இருந்தவரின் காதுக்குள் சொல்லிச் சிரித்தேன்.

முதலில் எழும்பியவள் ரிசானா என்ற பிள்ளை. கிண்ணியாவிலிருந்து ஸ்கூட்டியில் பாலம் தாண்டி வருபவள். நியமனம் கிடைத்து அதிக காலம் ஆகவில்லை. பின்னம் படிப்பிக்கத் தொடங்கினாள், குரல் நடுங்கியது. இவள் எங்கே வகுப்பைக் கட்டி ஆளப் போகிறாள் என்று நினைத்தேன். அப்போது விரிவுரையாளர், "ஆராவது ஒராள் கணக்கு ஏறாத பிள்ளையா இருங்கோ, பாப்பம்" என்றார். நான் கையை உயர்த்தினேன். என்னை யாரும் தள்ளிவிடவில்லை, தம்பி. அதை நீ தெரிந்திருக்க வேண்டும். நானாகத்தான் உயர்த்தினேன்.

எழுந்துபோய் வாங்கின் நுனியில் இருந்தேன். செருப்பிலிருந்து ஒரு காலை எடுத்து மற்றக் காலில் தேய்த்தேன். சட்டையின் மேல் பொத்தானைத் திருகினேன், என் சாறியில் பொத்தான் இல்லாததால் இல்லாத பொத்தானைத் திருகினேன். அவள் கேள்வியை முடிப்பதற்கு முன்பே "விளங்குது ரீச்சர்" என்று இழுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது, அதை ஒளிக்க மாட்டேன். கண்டிப்பான கிழவி என்று என்னை விலத்திப் போகிற இளம் ஆசிரியர்கள் எல்லாம் முதன்முதலாக என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். அதனால் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அழப் போகும்போது நீ கீழ் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாயே, அதையும் செய்தேன்.

ரிசானா சிரிக்கவில்லை. பேனையை மேசையில் வைத்துவிட்டு வந்து எனக்கு முன்னால் வாங்கில் இருந்தாள். நடுக்கம் எங்கே போனதோ தெரியவில்லை. "சரி மகன். எது வரைக்கும் விளங்கின? அது வரைக்கும் சொல்லுங்க, போதும்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஏதாவது ஒன்றைப் புனைந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் எனக்குள் இருந்தது நீ. நீ என்ன சொல்வாய் என்று தேடினேன். உன் கை எனக்குத் தெரியும், கால் தெரியும், உதடு தெரியும். எல்லாவற்றையும் அச்சாகச் செய்து காட்டத் தெரியும். அந்தக் கேள்விக்கு உன் பதில் என்ன என்று மட்டும் தெரியவில்லை. உனக்கு எங்கே விளங்கி எங்கே விளங்காமல் போனது என்று நான் ஒரு நாளும் கேட்டு அறிந்ததில்லை. அவள் காத்திருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தவர்களும் மெல்ல அடங்கினார்கள். நேரம் முடிந்துவிட்டது என்று போன் அடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். "உண்மையான பிள்ளை மாதிரியே முழிச்சீங்கள் ரீச்சர்" என்று ஒருவர் என் தோளில் தட்டினார்.

அன்றைக்கே நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. பின்னேரம் அப்பா மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அவருக்கும் அதை நடித்துக் காட்டினேன். அவர் கத்தியை நிறுத்திவிட்டு, "அது எங்கட பெடியனெல்லே?" என்று கேட்டார். "அதுக்கென்ன? அது ஆருக்குத் தெரியும்?" என்றேன். அவர் மறுபடி மீனை வெட்டத் தொடங்கினார்.

அந்த வீடியோ எங்களுக்குள் பார்ப்பதற்காக எடுத்தது. யாரோ சிரிப்புக்காக ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழு ஒன்றில் போட, அது குழுவுக்குக் குழு தாவி மூதூரில் ஜெனிற்றா படிப்பிக்கிற பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விட்டது. அதன் பிறகு நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் இருவரும் கலியாணச் சாமான் வாங்கிவிட்டு மூதூர் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில், "இஞ்ச பாருங்கோ, மாமி என்ன மாதிரி நடிக்கிறா எண்டு" என்று அவள் உன்னிடம் போனைக் காட்டியிருக்கிறாள். நீ பார்த்துக்கொண்டிருந்தாயாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உன் கை சட்டைப் பொத்தானுக்குப் போனதாம், பிறகு சட்டென்று கீழே விழுந்ததாம். அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்கிறது.

நீ எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. வேலை கூடிவிட்டது, கொஞ்ச நாள் கராஜிலேயே தங்குகிறேன் என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. படகு எஞ்சின்களுக்கு அவ்வளவு அவசரமா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன், உன்னிடம் கேட்கவில்லை. அப்பாவிடம் சோறு கட்டி அனுப்பினேன். நீ பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்பினாய். பக்கத்து வீட்டுக்கு ஆட்கள் கழுவிக் கொடுப்பதுபோல அது துடைத்துப் பளிச்சென்று வந்தது. பிறகு ஒரு பின்னேரம் ஜெனிற்றா தனியாக வந்தாள். கதிரையில் நுனியில் இருந்துகொண்டு, "மாமி, உங்களோட ஒரு கதை கதைக்கவேணும்" என்றாள். முழுவதையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "நானும்தான் சிரிச்சனான், மாமி. அவரை எண்டு தெரியாமச் சிரிச்சிட்டன். அதுதான் எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு" என்று அழுதாள். தெரியாமல் சிரித்தவள் அழுகிறாள், தெரிந்து சிரிக்க வைத்த நான் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள்தான் நான் உன் கராஜ் இருக்கிற உட்துறைமுகக் கரைக்கு வந்தேன். நீ கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாய். அந்த வேப்பமரத்துக்குக் கீழே, ஊருக்குள் திரிகிற மான்களில் இரண்டு யாரோ எறிந்த சோற்றுப் பார்சலைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தன. சாப்பிட்டாயா என்று கேட்டேன், ஓம் என்றாய். அந்த வீடியோ என்று தொடங்கினேன்.

"விடுங்கோ அம்மா. நான் அப்பிடித்தானே இருந்தனான். நீங்கள் இல்லாததை ஒண்டும் செய்யேல்ல."

நீ கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். நீ அமைதியாகச் சொன்னாய். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, அன்றிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டேன்.

"தம்பி, எது வரைக்கும் விளங்கினது எண்டு அந்தப் பிள்ளை கேட்டவளெல்லே. நீயா இருந்தா என்ன சொல்லியிருப்பாய்?"

நீ தண்ணீர்ப் பக்கம் பார்த்தாய். யாரோ ஒரு எஞ்சினை முடுக்கிப் பார்த்து நிறுத்தினார்கள். நான் இடையில் ஏதாவது சொல்லி நிரப்பிவிடத் துடித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"எட்டு, நாலை விடப் பெரிசு. அப்ப எட்டில ஒண்டு ஏன் நாலில ஒண்டை விடச் சின்னன்? அந்த இடத்திலதான் நிண்டுட்டன். அதுக்குப் பிறகு நீங்கள் சொன்னது ஒண்டும் ஏறேல்ல."

"ஏன் அப்ப கேக்கேல்ல?"

"கேட்டனான். ஒருக்கா. நீங்கள் பாணை நாலாவும் எட்டாவும் வெட்டிக் காட்டினீங்கள். காட்டிப்போட்டு, இதுகூட விளங்காட்டி ரீச்சரின்ர பிள்ளை எண்டு வெளியில சொல்லாத எண்டனீங்கள். பிறகு நான் கேக்கேல்ல."

தம்பி, அந்தப் பாண் எனக்கு நினைவிருக்கிறது. அன்புவழிபுரத்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீ இருந்ததும், துண்டுகளை நான் உனக்கு முன்னால் அடுக்கியதும் நினைவிருக்கிறது. எவ்வளவு பொறுமையாகச் செய்து காட்டினேன் என்று பல இடங்களில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். கடைசியில் சொன்ன அந்த வசனம் மட்டும் எனக்கு நினைவில்லை. நீ சொன்ன பிறகும் நினைவு வரவில்லை. என் வாயிலிருந்து வந்த ஒன்றை இவ்வளவு காலமும் நீ சுமந்துகொண்டு திரிய, நான் அதை மேசையிலேயே பாண் தூளோடு தட்டிவிட்டுப் போயிருக்கிறேன். இன்னொன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை முடிவில் உனக்குக் கணிதம் சித்தியில்லை என்று வந்தபோது, பரீட்சை நேரம் உனக்குக் கடும் காய்ச்சல் என்று ஆசிரியர் அறையில் சொன்னேன். அதைக் கேட்ட ஒரு ரீச்சர் சந்தையில் உன்னைக் கண்டு, "காய்ச்சல் இப்ப சுகமோ?" என்று கேட்டதும், நீ ஒரு கணம் முழித்துவிட்டு "ஓம் ரீச்சர், சுகம்" என்றதும் எனக்குத் தெரியும். நான் பக்கத்தில்தான் மரக்கறி பொறுக்கிக்கொண்டு நின்றேன். என்னுடைய பொய்யை நீ காப்பாற்றிக் கொடுத்தாய். வீட்டுக்கு வரும் வழியில் நாம் இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அன்று கரையில் நீ கடைசியாக, "வெள்ளிக்கிழமை வீட்ட வாறன். அங்கயிருந்தே கலியாணத்துக்கு வெளிக்கிடுவம்" என்றாய். அது எனக்குப் போதும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இதோடு நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது.

பயிற்சியின் கடைசி நாள் என்னுடைய முறை வந்தது. நானும் பின்னத்தையே எடுத்தேன். எட்டில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா, ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். நன்றாகத்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு வந்து இருந்தேன். வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொரு கேள்வியும் முடிவதற்கு முன்பே என் கை பலகைக்குப் போகிறது, பதிலை எழுதுகிறது. பிள்ளைகளாக இருந்தவர்கள் வாயைத் திறந்து மூடுகிறார்கள். எத்தனை பிள்ளைகளின் வாய் இப்படித் திறந்து மூடியிருக்கும் என்று நினைத்தேன். விரிவுரையாளர் தலையைக் குனிந்துகொண்டு, "இன்னொருக்காச் செய்வம் ரீச்சர்" என்றார்.

இரண்டாம் தரம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். காத்திருந்தேன். அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. அதற்குள் நீ இருந்தாய். நான் பாடத்தை விட்டுவிட்டு, "அண்டைக்கு நான் நடிச்சது என்ர மகனை" என்று சொல்லிவிட்டேன். பிறகு நிறுத்த முடியவில்லை. பொத்தான், பாண், காய்ச்சல், கராஜில் நீ சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். நாலைந்து பேர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்கள், ஒருவர் தண்ணீர் தந்தார். இப்படி வெளிப்படையாகச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும் என்றார்கள். எனக்கு நெஞ்சு இலேசாகிவிட்டது. சொல்லக் கூசுகிறது, ஆனால் அன்று பின்னேரம் நான் நல்ல சந்தோசமாகத்தான் வெளியே வந்தேன்.

வாசலில் ரிசானா ஹெல்மட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், ஒண்டு கேக்கட்டுமா? மகனிட்டக் கேட்டுட்டா சொன்னீங்க?"

"என்னத்தை?"

"அவர்ட கதைய எங்களுக்குச் சொல்லலாமா எண்டு."

அவள் உடனே போகவில்லை. அந்தப் பிள்ளைக்குக் காத்திருப்பது இயல்பாக வருகிறது. பிறகு, "சும்மாதான் கேட்டேன், பிழையா எடுக்காதீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

இதுதான் உனக்குத் தெரியாதது. முதல் தரம் உன்னை எடுத்துக் கொடுத்துச் சிரிப்பு வாங்கினேன். இரண்டாம் தரம் உன்னை எடுத்துக் கொடுத்து இரக்கம் வாங்கினேன். முதல் தரமாவது அது நீ என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டாம் தரம் உன் பெயரையும் வேலையையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டியது உன்னிடம். அதை விட்டுவிட்டு, எனக்கு ஆறுதல் தரக்கூடிய ஆட்களைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். தம்பி, நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நடித்ததற்கும், சொன்னதற்கும், பாணை வெட்டிவிட்டுச் சொன்ன அந்த வசனத்துக்கும். நினைவில்லை என்பதற்காக அதை நான் சொல்லவில்லை என்று ஆகிவிடாது.

கலியாணம் கட்டப் போகிற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஜெனிற்றாவிடம் "விளங்குது" என்று சொல்லிக் கதையை முடிக்காதே. விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்று சொல். என்னிடம் சொல்லி நீ பட்டது போதும் என்று உனக்குத் தோன்றும். அவள் நான் இல்லை. பஸ் நிற்கிற இடத்தில், அவ்வளவு சனத்துக்கு நடுவில், உன் கை எங்கே போகிறது என்று பார்த்தவள் அவள். உன் முகத்தைப் பார்த்துத் தன் சிரிப்பை நிறுத்தியவள். நாளைக்கு உங்களுக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க அப்பம்மாவிடம் அனுப்பலாமா என்று பேச்சு வந்தால், அவசரப்பட்டு முடிவெடுக்காதே. நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். இப்போது வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சில நாளில் முடிகிறது, சில நாளில் கை தானாகப் பலகைக்குப் போய்விடுகிறது. போன கிழமை பின்வாங்கில் இருக்கிற ஒரு பெண் பிள்ளை, நான் நெடுநேரம் பேசாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "ரீச்சருக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டாள்.

இனிச் சனிக்கிழமை விசயம். பயிற்சிக்கு வந்தவர்களில் கொஞ்சப் பேருக்கு நான் முதல் கிழமையே அழைப்பிதழ் கொடுத்துவிட்டேன். அவர்கள் வருவார்கள். நல்ல மனிசர்கள்தான், தீமை நினைக்க மாட்டார்கள். ஆனால் உன்னைப் பார்க்கும்போது அவர்களுக்கு அந்தப் பாண் நினைவு வரும். யாராவது உன் தோளைத் தட்டி, "அம்மா எல்லாம் சொன்னவ" என்று சொல்லக்கூடும். ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து, அதைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்று சொல்லட்டுமா, வர வேண்டாம் என்று சொல்லட்டுமா, அப்படியே விட்டுவிடட்டுமா, எனக்குத் தெரியாது. எனக்குச் சரியென்று படுகிற ஒன்று இருக்கிறது. அதை இங்கே எழுதவில்லை. எழுதினால் நீ அதற்கும் ஓம் என்றுவிடுவாய்.

வெள்ளிக்கிழமை வந்து நீயே சொல்லு. உடனே சொல்ல வேண்டும் என்றில்லை, சாப்பிட்டு எழும்பிச் சொல்லலாம், அடுத்த நாள் காலையில் வெளிக்கிடும்போதும் சொல்லலாம். தேவாலயத்துக்குள் உன் பக்கத்தில் நடந்து வருவதற்கென்று அப்பா எனக்கு ஒரு நீலச் சாறி எடுத்து வந்து வைத்திருக்கிறார். நான் பக்கத்தில் வருவது உனக்குக் கூச்சமாக இருந்தால் அதையும் சொல்லு. நான் சனத்தோடு சனமாக ஒரு வாங்கில் இருந்து பார்த்துக்கொள்வேன். ஏன் என்று கேட்க மாட்டேன்.

அம்மா